கொள்ளிக்குடத்துத் தாரை

தண்ணீரின் ஓட்டத்தைச் சமன்பாடுகளாக்கிக் கணினியில் ஓடவிடுவது அறவாழியின் வேலை. துளையிலிருந்து பாயும் நீர் எந்த இடத்தில் துளிகளாக உடையும் என்பது மட்டும் சில வருடங்களாக அவனுக்குப் பிடிகொடுக்கவில்லை. பாகுத்தன்மையை எப்படி மாற்றிப் போட்டாலும் திரையில் தாரை நிஜத் தண்ணீர்போல் இல்லாமல் வேறு மாதிரியே உடைந்தது.

சுடுகாட்டில் அப்பாவின் முகத்தை வறட்டியால் மூடிய பிறகு, தண்ணீர்க் குடத்தை அவன் தோளில் ஏற்றினார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் சித்தப்பா அரிவாள் நுனியால் குடத்தில் ஒரு துளை போட்டார். மூன்றாவது சுற்றில் அறவாழி கழுத்தைச் சாய்த்துப் பார்த்தபடி நின்றுவிட்டான். உடைவதற்கு முன்னால் தாரை சங்கிலிபோல முறுக்கிக்கொண்டு இறங்கியது.

“நடப்பா. மனசத் தேத்திக்க,” என்று சித்தப்பா அழுதார்.

குடத்தைப் பின்புறமாக விழவிட்டுக் கொள்ளி வைத்தான். “திரும்பிப் பாக்காமப் போயிரு,” என்றார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். தரையில் கிடந்த குடத்து ஓட்டில் அந்த மூன்றாவது துளை முழுசாக இருந்தது. அது வட்டமாக இல்லை. அவனுடைய கணக்கில் துளை எப்போதுமே வட்டம். ஒரு கணம் அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது.

வீட்டில் அம்மா அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“விட்டுட்டு வர மனசில்லாம திரும்பிப் பாத்தியாமேடா. சித்தப்பா சொல்லிச் சொல்லி அழுவுறாரு.”

அவன் தலை குனிந்துகொண்டான்.

“நீ பாக்கறப்ப அப்பா மொகம் எப்படிப்பா இருந்துச்சு?”

“தூங்குற மாதிரி இருந்துச்சும்மா.”