பெயர் கட்டிய கன்று

தண்ணீர் குடிக்கச் சொல்லி அடிக்கிற பதினோரு மணி பெல்லுக்கு, மூன்றாம் வகுப்பு இசக்கிச்செல்வி மயங்கி விழுந்தாள். எமரன்சியா டீச்சர் ஓடிப்போய் அவளை மடியில் சாய்த்து, அவளுடைய பாட்டிலை எடுத்தால் காலி. பக்கத்துப் பிள்ளையின் பாட்டிலும் காலி. முப்பத்தோரு பாட்டிலிலும் பொட்டுத் தண்ணீர் இல்லை. சுவரோரத்து வேப்பங்கன்றுகளின் அடியில் மட்டும் மண் ஈரமாக இருந்தது.

ஒவ்வொரு கன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரட்டை. கட்டிவிட்டவள் டீச்சர்தான். பூமி சூடாகிற பாடத்தை நடத்திய அன்று, “இது காஞ்சா நீங்களும் காஞ்சிருவீங்க” என்று விரலாட்டிச் சொன்னவளும் அவள்தான்.

“குடிக்கிற தண்ணியையா ஊத்துனீங்க?”

“காயுதுல்லா டீச்சர்” என்றான் ஒருவன்.

சும்மாதான் சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தாள். சும்மா சொன்னதில்லையே அது.

டீச்சர் தன் பாட்டில் தண்ணீரை முகத்தில் தெளித்ததும் இசக்கிச்செல்வி கண் திறந்தாள். மிச்சத்தை அவள் வாயில் ஊற்றி, “முழுங்கு தாயி” என்று கெஞ்சினாள் டீச்சர். அவள் முழுங்கவில்லை. இரண்டு கன்னமும் உப்பியிருக்க, டீச்சரின் கையை மெல்ல விலக்கிவிட்டு எழுந்து, தள்ளாடித் தள்ளாடி, தன் பெயர் கட்டிய கன்றைப் பார்த்து நடந்தாள். மற்ற பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள்.