படலையில் வேப்பிலை

"பிள்ளை பிறந்து இண்டைக்கு முப்பத்தெட்டு நாள் மிஸ். பெத்த தகப்பன் பக்கத்து ஒழுங்கையிலைதான் இருக்கிறான். இன்னும் முகம் பாக்கேல்லை!"

குழந்தையைத் தூக்குத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்த மிட்வைஃப் சிவதர்சினி நிமிர்ந்து பார்த்தாள். சொன்னது வடிவம்மா, குழந்தையின் தாய் நிரோஜாவைப் பெற்றவள். அவள் வாயைத் திறந்தால் ஜெயபுரம் முழுக்கக் கேட்கும்.

"முப்பத்தொண்டுக்குத் துடக்குக் கழிச்சமே, அதுக்கும் வரேல்லை. அம்மாள் வந்திருக்காம். பிள்ளையை ஆசுப்பத்திரியாலை கொண்டு வந்த அண்டைக்குப் படலையிலை வேப்பிலை கட்டினவன், இன்னும் அவிழ்க்கேல்லை. பொம்பிளைப் பிள்ளை எண்டதும் வந்த அம்மாள்!"

சிவதர்சினிக்குச் சுறுக்கென்று கோபம் ஏறியது. கொப்பளிப்பான் அம்மை இரண்டு கிழமையில் காய்ந்து உதிர்ந்துவிடும். முப்பத்தெட்டு நாளாக அது என்ன அம்மாள்?

"நிரோஜா, நீர் என்ன சொல்லுறீர்?"

நிரோஜா தராசடிக்கு வந்தாள். பிள்ளையை வாங்கித் துணியால் சுற்றினாள்.

"அவள் வாயில்லாப் பூச்சி மிஸ். நீங்கள் போய் ரெண்டு கேள்வி கேளுங்கோ!"

கேட்கத்தான் போனாள். வேப்பிலை கட்டிய வேலிப் படலையை ஜெயபுரத்தில் ஒருவரும் தாண்டமாட்டார்கள். செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு விலகிப் போவார்கள். வேப்பிலை நோய் வருத்தம் மாற்றாது என்று பன்னிரண்டு வருசமாக ஒழுங்கை ஒழுங்கையாகச் சொல்லித் திரிகிறவள் சிவதர்சினி. நிரோஜாவின் புருசன் சதீஸின் வீட்டடியில் ஸ்கூட்டியை நிறுத்திய கையோடு வேப்பிலைக் கொத்தைப் பிடித்து இழுத்தாள். கயிறு அறுந்து கொத்து நிலத்தில் விழுந்தது.

"சதீஸ்! வெளியிலை வாரும்!"

வீட்டு வாசலில் அவன் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து நின்றான்.

"மிஸ், அங்கையே நில்லுங்கோ. கிட்ட வராதேங்கோ."

"ஏன், அம்மாள் கோவிப்பாவோ? எங்கை, ஒரு கொப்பளம் காட்டும் பாப்பம்."

அவன் சட்டையை விலக்கிக் காட்டினான். ஒரு தழும்பு கிடையாது. நெஞ்செலும்புகளை எண்ணலாம் போலிருந்தது.

பிறகு இருமினான். அந்த இருமல் நிற்க நேரம் எடுத்தது. சிவதர்சினியின் கை தானாகப் பையில் இருந்த மாஸ்க்கைத் தேடியது.

"கசம் மிஸ், ரீ.பி. பிள்ளை பிறந்த அண்டைக்குத்தான் சளிச் சோதனை மறுமொழி வந்தது. அண்டைக்கே குளிசை தொடங்கிட்டன். ஒரு நாளும் விடேல்லை."

"நிரோஜாவுக்குத் தெரியுமோ?"

"தெரியும். அவளையும் பிள்ளையையும் கிளினிக்கிலை பாத்திட்டினம், ஒண்டும் இல்லை. சுகாதாரப் பகுதி பி.எச்.ஐ. ஐயாவுக்கும் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினவர்."

"அதுக்கு ஏன் இந்த வேசம்? மாமிக்காவது சொல்லியிருக்கலாமே?"

"மாமிக்குச் சொன்னால் பொழுதுபடுறதுக்கிடையிலை ஆனையிறவு தாண்டியிடும் மிஸ்." சிரிக்கப் பார்த்தான், இருமல் விடவில்லை. "முத்துலிங்கண்ணையைத் தெரியும்தானே? அவருக்குக் கசம் எண்டு தெரிஞ்ச பிறகு சந்திக் கடையிலை சிரட்டையிலைதான் தேத்தண்ணி குடுத்தவை. மனிசியைக் கிணத்திலை தண்ணி அள்ள விடேல்லை. செத்த பிறகு பாடை தூக்க நாலு பேர் வரேல்லை. லாண்ட்மாஸ்டர் உழவு மெசின் பெட்டியிலைதான் ஏத்திக்கொண்டு போனது."

சிவதர்சினிக்குத் தெரியும். அந்தச் செத்தவீட்டுக்கு அவளும் போகவில்லை.

"அம்மாள் எண்டால் கும்பிட்டிட்டு விலகிப் போவினம் மிஸ். கசம் எண்டால் காறித் துப்பிப்போட்டுப் போவினம். எப்பிடியும் விலகத்தானே வேணும். கும்பிட்டிட்டே போகட்டும் எண்டு கட்டினனான். இல்லாட்டி என்ர பிள்ளையைக் கசக்காரன்ர மகள் எண்டுதான் காலம் முழுக்கச் சொல்லுவினம்."

சிவதர்சினிக்குக் காலடியில் கிடந்த வேப்பிலையைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"இன்னும் மூண்டு கிழமையிலை திருப்பிச் சளி பாப்பினம். சரி எண்டால் பிள்ளையைத் தூக்கலாமாம்." அவன் கொஞ்சம் தயங்கினான். "இண்டைக்கு நிறுத்தனீங்களோ மிஸ்? எவ்வளவு?"

"நாலு கிலோ நூறு."

"பிறக்கேக்கை ரெண்டு தொள்ளாயிரம்," என்றான். கண் மட்டும் சிரித்தது.

அதற்குள் ஒழுங்கையில் சத்தம். வடிவம்மா முன்னால், பின்னால் நாலைந்து பெண்கள். அறுந்து கிடந்த வேப்பிலையைக் கண்டதும் வடிவம்மாவுக்கு உசார் வந்துவிட்டது.

"பாத்தியளே? மிஸ்ஸே அறுத்து எறிஞ்சு போட்டா! நான் சொன்னனான்தானே, அம்மாளும் இல்லை ஒரு மண்ணும் இல்லை! டேய், வெளியிலை வாடா!"

சதீஸ் உள்ளே போய்விட்டான். அடக்க அடக்க இருமல் கேட்டது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி படலையில் கைவைத்தாள்.

"என்ன மிஸ் இது இருமல்?"

சிவதர்சினி குனிந்து வேப்பிலையை எடுத்தாள். அறுந்த கயிற்றை முடிந்து, பழையபடி படலையில் இறுக்கிக் கட்டினாள்.

"அம்மாள்தான். நான்தான் தெரியாமல் கைவைச்சிட்டன்," என்றாள். "தணிஞ்சவா திருப்பி வந்திருக்கிறா. இந்தமுறை நெஞ்சுக்குள்ளை இறங்கியிருக்கு. ஒருத்தரும் படலை தாண்டக்கூடாது."

படலையில் இருந்த கை சட்டென்று விலகியது. வடிவம்மா செருப்பைக் கழற்றினாள். "தாயே, தெரியாமல் கதைச்சிட்டன். என்ர மருமகனைக் காப்பாத்து," என்று கைகூப்பினாள்.

சிவதர்சினியும் கைகூப்பினாள். உள்ளே இருந்தவனின் வருத்தத்துக்குக் கிளிநொச்சியில் குளிசை இருந்தது. வெளியே நின்றவர்களின் வருத்தத்துக்கு, வேப்பிலையை விட்டால் அவளிடம் வேறு மருந்து இருக்கவில்லை.