எல்லாரும் ஒரே குரலில் சாகிறார்கள்

காது சொன்னதை நான் பல வருஷமாக நம்பவில்லை. நம்ப முடியாமலா, நம்ப மனசில்லாமலா என்று கேட்டால், அதுவும் சரியாகத் தெரியவில்லை.

காது என்பது எங்கள் டப்பிங் தியேட்டர் சவுண்ட் இன்ஜினியரின் பட்டப்பெயர். எவ்வளவு சின்னச் சத்தமும் அவனிடமிருந்து தப்பாது. நான் வசனம் எழுதுகிறவன்.

அப்போது தமிழில் குரல் கொடுக்க எங்களுக்கு ஓர் அனிமே தொடர் வந்தது, ஜப்பான் கார்ட்டூன். பள்ளிப் பிள்ளைகளை ஒரு தீவில் அடைத்துவிடுவார்கள். கடைசி வரை உயிரோடு இருப்பவர்தான் ஜெயித்தவர். எபிசோடுக்கு எபிசோடு யாராவது செத்தார்கள். கதையில் ஓட்டைக்குக் குறைவில்லை. ஆனாலும் பார்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். எந்த எபிசோடில் குரல் வருகிறதோ, அந்த எபிசோடுக்குத்தான் சம்பளம். பாத்திரம் செத்தால் வருமானமும் அதோடு போச்சு.

"சார், என்னைக் கொஞ்ச நாள் உசிரோட வைங்க சார்," என்று குரல் கொடுப்பவர்கள் என்னையே சுற்றிச் சுற்றி வருவார்கள்.

"கொல்றது ஜப்பான்காரங்க. புலம்பறதை மட்டும்தான் நான் எழுதறேன்."

அவர்களில் கீச்சு என்கிற பெண் மட்டும் அப்படிக் கேட்கவில்லை. சின்னப் பெண் பாத்திரம் என்றால் அவள்தான். அவள் சம்பாத்தியத்தில் ஒரு குடும்பமே சாப்பிட்டது. அவளுடைய பாத்திரம் மூன்றாவது எபிசோடிலேயே மலையிலிருந்து விழுந்து செத்தது.

ஒரே ஓர் அலறல்தான் பாக்கி. முதல் டேக்கிலேயே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"பிரமாதம்மா. கிளம்பு," என்றேன்.

"யார் கிளம்பச் சொன்னது?" என்றார் டப்பிங் டைரக்டர். எங்கள் எல்லாருக்கும் அவர் அக்கா. "இன்னொன்னு."

இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"இப்போ தண்ணியில முங்கற மாதிரி."

"அக்கா, அந்தப் பொண்ணு மலையிலேருந்துதானே விழறா? தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"உங்க வேலை முடிஞ்சுதுல்ல? பேசாம உட்காருங்க சார்."

தண்ணீர் முடிந்து நெருப்பு. நெருப்பு முடிந்து முதுகில் கத்தி. "இப்போ வாயைப் பொத்திட்டாங்க, உள்ளேயே கத்தணும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கீச்சு ஒரு வாய் வெந்நீர் குடிப்பாள், அலறுவாள். மறுபடி வெந்நீர், மறுபடி அலறல். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. குரல் கம்மிக்கொண்டே போனது.

நான் எழுந்துவிட்டேன். "நீங்கல்லாம் மனுஷியா? அவ தொண்டை கிழியுது!"

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "காது, அடுத்த டேக் போடு."

அவனும் மறுபேச்சில்லாமல் போட்டான்.

அன்றோடு அந்தத் தொடரிலிருந்து விலகிக்கொண்டேன். மிச்ச வசனத்தை வேறு யாரோ எழுதினார்கள்.

அதற்கப்புறம் கீச்சு தியேட்டர் பக்கமே வரவில்லை. சில மாதம் கழித்து வந்தாள், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். பேசவில்லை. தொண்டையில் ஆபரேஷனாம், இனிப் பேசவே முடியாதாம்.

"கத்த வச்சே அந்தப் பொண்ணு குரலைக் காவு வாங்கிட்டாளே புண்ணியவதி!" தியேட்டர் முழுக்க இதே பேச்சு. அக்கா யாருக்கும் பதில் சொல்லவில்லை.

காது மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வான். "அண்ணே, அக்கா அன்னைக்கு அவளுக்கு நல்லதுதான் செஞ்சாங்க."

"என்ன நல்லதுடா?"

"சொல்ல மாட்டேன்னு கீச்சுகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன்."

"போடா. அக்காவுக்கு ஜால்ரா போடறதுக்கும் ஒரு அளவு இருக்கு."

போன வாரம் என் மகள் அந்தத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்பா, இதுக்கா நீ வசனம் எழுதினே? தீவுல கரண்டே கிடையாது. வில்லன் மட்டும் தினமும் மைக்ல பேசறான்!"

"அதை அவனையே கேளு."

"சரி, அதை விடு. இதுல எல்லாப் பொண்ணுங்களும் ஒரே குரல்ல சாகறாங்கப்பா. டப்பிங்குக்கு வேற ஆளே கிடைக்கலையா?"

"அதெப்படி?" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் விலகியதற்குப் பிறகு வந்த எபிசோடு எதையும் பார்த்ததே இல்லை.

ஒருத்தி ஏரியில் முங்கினாள். அடுத்த எபிசோடில் ஒருத்தி நெருப்பில் மாட்டினாள். அதற்கடுத்ததில் ஒருத்தியின் முதுகில் கத்தி. இன்னொருத்தியின் வாயைப் பொத்தினார்கள். ஒவ்வொன்றும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்ட அலறல். கடைசி எபிசோடு வரை கீச்சுவின் குரல் வந்துகொண்டே இருந்தது.

கடைசி எபிசோடு வரை அவளுக்குச் சம்பளமும் போயிருக்கும்.



"ஏம்ப்பா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? வெறும் கார்ட்டூன்தானே?" என்றாள் மகள்.

எழுந்து போய் காதுக்கு போன் போட்டேன்.

"சொல்லுங்கண்ணே."

மகள் காதில் விழாதபடி அறைக் கதவைச் சாத்தினேன்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா?"

"காது, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. கீச்சுவோட குரல்வளையை எடுத்துடணும்னு டாக்டர் சொன்னது, அந்த ரெக்கார்டிங்குக்கு முன்னாடியா?"