காலில் பட்ட விரல்

மூன்று கல்யாணங்களையும் ஒரு துக்க வீட்டையும் முடித்துக்கொண்டு, எம்.எல்.ஏ. சென்னியப்பன் அக்கா பாவாயி வீட்டு நாற்காலியில் வந்து சாய்ந்தார். இந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்துதான் அவர் முதன்முதலில் கவுன்சிலர் ஆனார். பதவி உயர உயரக் காலில் விழுகிறவர்கள் பெருகினார்கள். ஒவ்வொரு தலையாகத் தொட்டு எழுப்பி எழுப்பி அவர் கைக்கு அது பழகிவிட்டது.

"காலு இப்படி வீங்கிக் கெடக்குதே சாமி. நின்னுக்கிட்டே இருந்தியா?" என்றபடி அக்கா விளக்கெண்ணெய் சூடு பண்ணப் போனாள். அவருக்குக் கண் சொருகிவிட்டது.

பாதத்தில் விரல்கள் பட்டதும் கை தானாக இறங்கி ஒரு தலையைத் தொட்டது. "எந்திரிங்கம்மா. என்ன வேணும்னு சொல்லுங்க, பாத்துக்கலாம்."

எண்ணெய் தேய்த்த கை நின்றது. அக்கா எழவில்லை. குனிந்தபடியே சொன்னாள்.

"பெருசா ஒண்ணுமில்லீங்கய்யா. எங்க தெருவுக்குத் தண்ணி வந்து ரொம்ப நாளாச்சுங்க."

குரல் யாருடையது என்று தெரிந்துவிட்டது. தலையிலிருந்து கையை எடுத்துவிடத்தான் நினைத்தார். அதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"கண்டிப்பா செஞ்சு குடுத்தரலாங்கம்மா."