கண்ணாடிமேல் கன்னம்

எனக்குக் குளிர் ஆகாது. குளிர்ந்தது எது பட்டாலும் அந்த இடத்துத் தோல் தடித்துச் சிவந்து, ஒரு மணி நேரமாவது வீங்கிக் கிடக்கும். அதனால் எங்கள் வீட்டு பிரிட்ஜைத் திறக்கும் அதிகாரம் என் மனைவி வசுமதிக்கு மட்டும்தான். தயிரைக்கூட முன்னதாகவே வெளியே எடுத்துவைத்து, கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் என் பக்கம் நகர்த்துவாள். அப்படிப்பட்டவள் இன்று கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. முயன்று பார்த்தேன், கொட்டாவிதான் வந்தது.

"கல்லு மாதிரி உக்காந்திருக்காரு பாரு. இந்த மனுசனுக்கா நம்ம புள்ள இத்தன வருசம் ஆக்கிப் போட்டா?" என்றாள் அவளுடைய சித்தி, எனக்குக் கேட்கிற மாதிரியே.

எழுந்துபோய், வசுமதியின் முகத்துக்கு நேராகப் பெட்டியின் கண்ணாடியில் கன்னத்தை வைத்தேன். அவ்வளவு பக்கத்தில் அவளைப் பார்க்க வேறு வழி இருக்கவில்லை. நிமிர்ந்து சற்று நேரத்தில் கன்னம் பன் மாதிரி உப்பி, ஒரு கண் பாதி மூடிக்கொண்டது.

"ஐயோ, அழுது அழுது மாப்ளைக்கு மூஞ்சியே வீங்கிப்போச்சே!" என்று சித்தி என்னைக் கட்டிக்கொண்டு கதறினாள். சுற்றியிருந்த பெண்களும் எனக்காக அழுதார்கள்.

விஷயம் தெரிந்தவள் என் மகள் ஒருத்திதான். அலர்ஜி மாத்திரையும் வெந்நீருமாக வந்தாள்.

"போட்டுக்கங்கப்பா. சீக்கிரம் வடிஞ்சிரும்."

"இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு, மறு கன்னத்தைக் கண்ணாடியில் வைத்தேன்.