சூடத்துக்கு மேல் நின்ற கை

ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஸ்டாண்டு எதிரே, பூங்கோதையின் ரிப்பேர் கடை மேசையில் டி.வி.யில் மாட்டிப் படம் பார்க்கிற பழைய மீடியா பெட்டி ஒன்று மூடி கழன்று கிடக்கிறது. ஊர்க்கூட்டத்தில் எடுத்த வீடியோ அதில்தான் இருக்கிறது, வேறெதிலும் திறக்காது. ஒரு மாதமாகக் குரல் மட்டும் வருகிறது, படம் இல்லை. கடைமடை வயலுக்குக் கண்மாய்த் தண்ணீர் விடுவதாக, எரிகிற சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்த பாசனச் சங்கத் தலைவருக்கு அது வசதியாகப் போய்விட்டது. "எவன் குரலோங்கிறான்க்கா!" கடைமடை வயல்காரி இருளம்மாள் வாடிச் சுருண்ட நெற்பயிரை ஒரு பிடி தூக்கிக் காட்டுகிறாள். "கம்பெனிக்காரன் பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்லிட்டான். போடுவேனா? கரண்டு வந்ததும் மொதல்ல ஓடுற பூட்லோடர் புரோகிராம்லயே படத்தை எழுப்புற வேலையை எழுதிட்டேன்" என்று பூங்கோதை சுவிட்சைத் தட்டுகிறாள். டி.வி.யின் கருந்திரை துடிக்கிறது. நீலக் கோடுகள் ஓடுகின்றன. வீடியோவைத் தட்டியதும் ஒரு சுடர் எழுகிறது. அந்தச் சூட வெளிச்சத்தில் தலைவரின் முகம், மீசை, மோதிரம். ஓங்கிய கை சுடரை நோக்கி இறங்குகிறது. "நிப்பாட்டுக்கா!" கை அந்தரத்தில் நிற்கிறது. இருளம்மாள் பயிரைத் திரைக்கு முன்னால் வைக்கிறாள். "அந்தக் கை அங்கனயே இருக்கட்டும். தண்ணியத் தொறந்து விட்டுட்டு அவனே வந்து எடுத்துக்கிறட்டும்."