இடது கால் ஷூ

அந்த அம்மா கவுண்டரின் மேல் வைத்த ஷூவுக்கு முன்பக்கம் இல்லை.

கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது.

"எலி கடிச்சிடுச்சாம்மா?" என்றார் கடை முதலாளி.

"எலிதான். ரெண்டு கால் எலி." அந்த அம்மா பக்கத்தில் நின்ற மகனை முன்னே தள்ளினார். "போன வாரம்தான் உங்க கடையில வாங்கினது."

விற்பனையாளருக்கு நினைவிருந்தது. அவர்தான் அந்தப் பையனுக்குப் போட்டுவிட்டார். கடையில் அவருக்குப் பட்டப்பெயரே கட்டைவிரல். எந்தப் பிள்ளைக்கு ஷூ மாட்டினாலும் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, கால் விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால், "நல்லா நடக்கட்டும்" என்று முணுமுணுப்பார்.

யாரிடம் சொல்கிறீர்கள் என்று கேட்டால் மேலே கை காட்டுவார்.

பையனின் வலது ஷூ புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. வெட்டுப்பட்டது இடது மட்டும். இந்த வாரம் இதற்கு முன்பும் இப்படிச் சில ஷூக்கள் கடைக்கு வந்திருந்தன. எல்லாவற்றிலும் இடதுதான்.

"எங்க வகுப்புல பாதிப் பேர் இப்படித்தான் அங்கிள் போட்டுட்டு வர்றாங்க," என்றான் பையன். "வெட்டாதவங்களை விளையாட்டுல சேர்த்துக்க மாட்டாங்க."

"அது ஏன் இடது மட்டும்?"

"அதான் மாடலே."

சொல்லிவிட்டு அவன் கடையின் மூலையைப் பார்த்தான். அங்கே பெஞ்சில் விற்பனையாளரின் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளும் அதே வகுப்புதான். பள்ளி விட்டதும் கடைக்கு வந்து காத்திருந்து, அப்பாவோடு வீட்டுக்குப் போவாள்.

"தலைமையாசிரியை கொதிச்சுப் போயிருக்காங்க," என்றார் அந்த அம்மா. "ஆரம்பிச்சது யாருன்னு தெரிஞ்சா பள்ளியை விட்டே அனுப்பிடுவாங்களாம். இவன் என்னடான்னா வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி நிக்கறான்."

"அனுப்பத்தாம்மா வேணும்." விற்பனையாளர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நொந்துபோய்ச் சொன்னார். "பெத்தவங்க வேர்வை சிந்தி வாங்கித் தர்றது. அந்தப் பிள்ளை காலை வீட்டுல ஒருத்தர்கூடக் குனிஞ்சு பார்க்க மாட்டாங்களா?"

மூலையில் பென்சில் நின்றது.

பையன் தன் அம்மாவைப் பார்த்தான். பிறகு விற்பனையாளரைப் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"அவளைத் திட்டாதீங்க அங்கிள். இதுதான் புது மாடல், இனிமே எல்லாம் இப்படித்தான் வரும்னு சொன்னா. ஷூ கடைக்காரர் பொண்ணே சொன்னா நாங்க நம்பாம இருப்போமா?"

முதலாளியின் கையிலிருந்த ஷூ மெதுவாகக் கவுண்டரில் இறங்கியது.

விற்பனையாளர் திரும்பினார். மகள் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். தினமும் அப்படித்தான் உட்காருவாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நாள் முழுவதும் ஊரார் பிள்ளைகளின் கால்களைப் பார்ப்பவர், கடை மூடிய பிறகு கீழே பார்ப்பதே இல்லை. வழி நெடுக மகளின் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே நடப்பார்.

அவள் முன்னால் போய் மண்டியிட்டார்.

வலது காலை வெளியே இழுத்து, பழக்கத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். இடம் இருந்தது.

இடது காலை அவள் தரவில்லை. அவராக எடுத்தார். அழுத்துவதற்கு அங்கே ஒன்றுமில்லை. வெட்டிய ஓட்டை வழியாக அவளுடைய பெருவிரல் வெளியே நின்றது. நகம் கறுத்துப் போயிருந்தது.

இரண்டு ஷூக்களையும் கழற்றி உள்ளே பார்த்தார். வலதில் அளவு மூன்று என்று அச்சிட்டிருந்தது. இடதில் இரண்டு.

கண்ணாடி அலமாரியில் காட்சிக்கு வைப்பது எப்போதும் வலது ஷூவைத்தான். மகள் போட்டிருந்த மாடல் விற்றுத் தீர்ந்ததும், காட்சிக்கு வைத்த வலதோடு, கிடங்கில் ஒற்றையாய்க் கிடந்த ஓர் இடதை அளவு பார்க்காமல் ஜோடி சேர்த்து, "உன் பொண்ணுக்கு எடுத்துட்டுப் போய்யா," என்று முதலாளி சும்மாவே கொடுத்திருந்தார். விற்பனையாளர் அன்றைக்கு வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். வாசலிலேயே மகளை உட்காரவைத்து மாட்டி, அழுத்திப் பார்த்து, கடவுளுக்கு நன்றி சொன்னார். எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, புது ஷூவைக் காட்டினார்.

இப்போது அந்த இரண்டு ஷூக்களையும் ஓரமாக வைத்தார்.

பின்னால் ஏதோ உரசும் சத்தம். பையனின் அம்மா, கால் அளவு பார்க்கும் முக்காலியை இழுத்துவந்து சிறுமியின் காலுக்கடியில் வைத்தார்.

"இவனுக்கு அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல பிள்ளைக்குப் பாருங்க," என்றார். குரல் இறங்கியிருந்தது. "பள்ளிக்கூடத்துக்கு நாளைக்கு நானும் கூட வர்றேன். நடந்ததை நடந்தபடி சொல்லுவோம்."

விற்பனையாளர் தலையசைத்தார். மகளின் இடது காலைத் தூக்கி முக்காலியில் வைத்தார்.

"அன்னைக்குக் கேட்டேனே கண்ணு. சரியா இருக்குன்னு சொன்னியே."

அவள் பென்சிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"நீங்க வலது காலைத்தானேப்பா கேட்டீங்க. அது சரியாத்தான் இருந்துச்சு."